சூட்டு வலின்னு பேர் வச்சவ யாரு?

அக்கா, வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பத்தியும் வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் பத்தியும் நீங்க எழுதுனத ஹாஸ்டல்ல எல்லாரும் படிச்சோம். நான் மதுரையில நர்சிங் மூணாம் வருஷம், ஊரு உசிலம்பட்டி பக்கம். எங்க அப்பத்தா மருத்துவச்சி. எங்க ஊர்ல நாப்பது வயசுக்கு மேல இருக்கவங்க முக்காவாசிப் பேர் அது கையில விழுந்த பிள்ளைகதான். ஆனா பிரசவத்துக்குக் கூப்பிட்டா கொல்லைப்புறமாத்தான் உள்ள விடுவாங்களாம், முடிஞ்சதும் கேப்பையோ நெல்லோ மொறத்துல போட்டுத் தள்ளி வச்சிட்டுப் போயிருவாங்களாம். அது செத்தப்ப பேப்பர்ல யாரு போட்டா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கூட கிடையாது. டாக்டருக்குப் படிச்சவங்க மட்டும்தான் மருத்துவ வரலாறுல பொம்பளைங்களாக்கா?

இன்னொண்ணு. கிளாஸ்ல கேஸ் சொல்லும்போது வாய் தவறி சூட்டு வலின்னுட்டேன். எல்லாரும் சிரிச்சிட்டாங்க, அப்படி ஒரு வலியே கிடையாதுன்னு மேடமும் சொல்லிட்டாங்க. எங்க அப்பத்தா பேசுன பேச்செல்லாம் தப்பா? என் பேர் போட வேண்டாம்.

---

அன்புள்ள தங்கச்சி,

சூட்டு வலின்னு ஒண்ணு இருக்கு. மொதல்ல அதச் சொல்லிடுறேன், ஏன்னா உன் கடிதத்துல என்னைய ரொம்ப நேரம் தூங்க விடாம பண்ணுன இடம் அந்த சிரிப்புதான்.

மாசமா இருக்கும்போதே கர்ப்பப்பை அப்பப்ப இறுகி இறுகி விடும், அது பிரசவ வலி இல்லன்னு 1872ல ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் எழுதுனார். உன் பாடப்புத்தகத்துல அவர் பேர்லதான் அது இருக்கும். நம்ம வீடுகள்ல நிறைமாசக்காரி இடுப்பப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா பெரிய மனுஷி ஒருத்தி சீரகத்த வறுத்து தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சு இறக்கிக் குடுப்பா. குடிச்சு செத்த நேரத்துல அடங்கிருச்சுன்னா சூட்டு வலி, அடங்காம விட்டு விட்டு வந்து அப்பறம் கிட்டக் கிட்ட நெருங்குச்சுன்னா பிள்ளை வலி, கிளம்பு. சீரகம் வலிய நிறுத்துமான்னு கேட்டா விஷயம் சீரகத்துல இல்ல. தண்ணி கொதிச்சு ஆறி குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு அரை மணி நேரமாவது பக்கத்துல உக்காந்து பாக்குறாள்ல, அடங்குதா நெருங்குதான்னு, அதுதான் வைத்தியம். நீ லேபர் வார்டுல வயித்து மேல கைய வச்சு வாட்சப் பாத்துக்கிட்டு நிக்கிறதும் அதேதான். மேடத்துக்கு இத சொல்லு, மரியாதையாவே சொல்லு, ஆனா சொல்லு.

நம்ம பொம்பளைங்க பேச்சுல இந்த மாதிரி எம்புட்டோ இருக்கு. 'முழுகாம இருக்கா'ன்னு சொல்றோம். தீட்டு நின்னதும் தலை முழுகணும், இந்த மாசம் முழுகல, அப்ப தீட்டு வரல, அப்ப வயித்துல பிள்ளை. ஒத்த வார்த்தையில முழு கேஸ் ஷீட்டும் இருக்கு, புருஷன் மாமனார் முன்னாடி கூச்சமில்லாம சொல்லவும் முடியுது. பிள்ளை வெளிய வந்ததும் மருத்துவச்சி மொதல்ல கேக்குறது 'நஞ்சு விழுந்துருச்சா?' நஞ்சுக்கொடி முழுசா வெளிய வராம உள்ள தங்குனா உதிரம் நிக்காது, சீழ் பிடிக்கும், தாய் உசுருக்கே ஆபத்து. நஞ்சுங்கிற பேரே 'இத உள்ள விட்றாத'ன்னு அடுத்தவளுக்குச் சொல்லி வச்ச மாதிரிதான் எனக்குக் கேக்குது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க பாடத்த எங்க எழுதி வைப்பாங்க? பேருலதான்.

உங்க அப்பத்தாவ கொல்லைப்புறமா விட்டதச் சொல்லிருக்க. அதுக்கு சாதியும் காரணம், ரத்தத்தத் தொட்ட கைங்கிறதும் காரணம். நம்ம பக்கம் மருத்துவச்சி வேலை ரொம்பக் காலமா நாவிதர் வீட்டுப் பொம்பளைங்க தலையிலதான் இருந்துச்சு. பிள்ளைய ஏந்துன கைய தீட்டுன்னு தள்ளி வச்ச ஊரு, அந்தப் பிள்ளைக்கு மட்டும் பேரு வச்சு விருந்து போட்டுச்சு. இத நினைச்சா எனக்கு இன்னமும் ஆத்திரம் வருது.

ஒரு பழைய கதை சொல்றேன், 1840கள்ல வியன்னாவுல பெரிய ஆஸ்பத்திரியில நடந்தது. அங்க பிரசவத்துக்கு ரெண்டு வார்டு. ஒண்ணுல டாக்டருங்களும் மாணவர்களும் பாப்பாங்க, இன்னொண்ணுல மருத்துவச்சிங்க. டாக்டர் வார்டுல நூத்துக்குப் பத்துப் பேர் பக்கம் பிரசவக் காய்ச்சல்ல செத்தாங்க, மருத்துவச்சி வார்டுல நாலு பேர் பக்கம்தான். ஊருப் பொம்பளைங்களுக்கு இது தெரியும், எங்களை ரெண்டாவது வார்டுல போடுங்கன்னு கால்ல விழுந்து அழுவாங்களாம், நடுத்தெருவுலயே பெத்துக்கிட்டு வந்தவங்களும் உண்டு. இக்னாஸ் செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர்தான் கண்டுபிடிச்சார், பொணத்த அறுத்துட்டு அதே கையோட இவங்க பிரசவம் பாக்க வாராங்கன்னு. 1847ல குளோரின் தண்ணியில கை கழுவச் சொன்னார், சாவு மடமடன்னு குறைஞ்சுச்சு. அவர் பேரு உலகத்துக்கே தெரியும், தெரியத்தான் வேணும். ஆனா அதுக்கு முன்னாடியே எந்த வார்டுல போனா பொழைக்கலாம்னு தெரிஞ்சு வச்சிருந்த அந்தப் பொம்பளைங்க பேரு ஒண்ணு கூட நமக்குத் தெரியாது பாரு.

அதுக்காக பழசெல்லாம் சரின்னு நான் சொல்ல வரல தங்கச்சி, நீயும் சொல்லாத. தொப்புள்கொடியக் கருக்கருவாளால அறுத்து சாம்பலையோ சாணியையோ அப்பி, அஞ்சாறு நாள்ல பிள்ளை பால் குடிக்க மாட்டாம விறைச்சு செத்தப்ப 'ஜன்னி கண்டுருச்சு'ன்னாங்க. அது டெட்டனஸ். தாய்க்கு ஊசி போட்டு சுத்தமான பிளேடால அறுத்தாலே வராம தடுக்கலாம், இந்தியாவுல அது ஒழிஞ்சிருச்சுன்னு 2015லதான் அறிவிச்சாங்க. 'உரம் விழுந்துருச்சு', அதாவது சுளுக்கிருச்சுன்னு, பச்சப்பிள்ளையத் துணியில போட்டு உருட்டுறத இப்பவும் செய்றாங்க, அத தடுக்க வேண்டியது நீதான்.

இப்ப எங்க வீட்டுல நடந்தது. எங்க சின்னம்மா, சோழவந்தான் பக்கத்துல ஒரு கிராமம், வயல் வேலை. தீட்டு நின்னு நாலு வருஷம் ஆயிருச்சு, அப்பறம் ஒரு நாள் சேலையில கறை. யார்கிட்டயும் சொல்லல. இடுப்பு வலி கூடவும் டவுன்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசு டாக்டர், நல்ல பையன்தான், வெளிய அறுபது எழுபது பேர் நிக்கிறாங்க. 'என்னம்மா பண்ணுது?' 'மேலுக்கு முடியல சாமி, அடிவயிறு கனமா இருக்கு.' 'பீரியட்ஸ் ரெகுலரா வருதா?' 'அதெல்லாம் நின்னு போச்சு சாமி.' பொய் இல்ல அது, கேட்டதுக்கு சரியான பதில். அவர் சத்து மாத்திரை எழுதிட்டார். சின்னம்மா சேலை முந்தானைய விரல்ல சுத்திச் சுத்தி அவுத்துக்கிட்டே இருந்துச்சு, நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், எனக்கும் கேக்கத் தோணல.

ஆறு மாசம் கழிச்சு, வீடு வீடா வர்ற நர்ஸம்மா ஒருத்தங்க திண்ணையில உக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு சும்மா கேட்டிருக்காங்க, 'ஏத்தா, துணி கிணி படுதா?' அம்புட்டுதான், சின்னம்மா எல்லாத்தையும் கொட்டிருச்சு. கர்ப்பப்பை வாய் புற்றுநோய். பெரியாஸ்பத்திரியில கரண்டு வச்சாங்க, ரேடியேஷனுக்கு நம்ம ஊர்ல அதான பேரு. அதுக்கப்பறம் மூணு வருஷம் சின்னம்மா உசுரோட இருந்துச்சு. தீட்டு நின்ன பொறகு ஒரு சொட்டு பட்டாலும் அன்னிக்கே காட்டணும்னு இன்னிக்கு எனக்குத் தெரியும்.

மெட்ராஸ் திருவல்லிக்கேணியில 'கோஷா ஆஸ்பத்திரி'ன்னு ஆட்டோக்காரங்க இன்னும் சொல்லுவாங்கல்ல, கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி, அத 1885ல ஆரம்பிச்சவங்க மேரி ஷார்லீப். ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட மாட்டாம பொம்பளைங்க பிரசவத்துல சாகுறத மெட்ராஸ்ல பாத்துட்டு 1875ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேந்த நாலு பொம்பளைங்கள்ல ஒருத்தங்க. முத்துலட்சுமி அம்மா தங்கச்சியும் புற்றுநோய்லதான் போனாங்க, 1954ல அடையாறு ஆஸ்பத்திரி வந்ததுக்கு அந்தச் சாவுதான் வேரு. பட்டம் வாங்குனவங்கன்னு நான் இவங்களப் பத்தி எழுதல. பொம்பளை வாயத் தொறந்து சொல்றதுக்கு ஒரு இடம் உண்டாக்குனாங்க, அதுக்காகத்தான் எழுதுனேன். அப்படிப் பாத்தா உங்க அப்பத்தாவும் அதே வரிசைதான், என் கட்டுரையில அத விட்டது என் தப்பு.

அந்த வரிசையில நம்ம பக்கத்துலயே இன்னொரு கூட்டம் இருக்கு, உனக்கு இது கட்டாயம் தெரியணும். 2000ல திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்கள்ல ஒரு ஆராய்ச்சி தொடங்குச்சு. 30லருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களக் கூப்பிட்டு, கர்ப்பப்பை வாயில 4 சதவீத அசிட்டிக் அமிலத்த, அதாவது வினிகர் மாதிரிதான், பஞ்சுல தொட்டு வச்சு ஒரு நிமிஷம் பாக்குறது. வெள்ளையா மாறுனா சந்தேகம், மேல டெஸ்ட் பண்ணணும். லேப் வேணாம், பெரிய மிஷின் வேணாம். பாத்தது யாரு? பயிற்சி குடுத்த நர்ஸுங்க. 2007ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில முடிவு வந்துச்சு, டெஸ்ட் பண்ணுன ஊர்கள்ல அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. அதுல எழுதுன டாக்டர்கள் பேரு இருக்கு. ஆனா கூச்சப்பட்டு சேலைய இழுத்துப் போத்திக்கிட்டு நின்ன பொம்பளைங்கள, அவங்க பேச்சுலயே பேசி அந்தக் கட்டில் வரைக்கும் கூட்டிட்டு வந்தது யாருன்னு நினைக்கிற? அதே வருஷம்தான் தேனியிலயும் தஞ்சாவூர்லயும் தமிழ்நாடு அரசே இந்த டெஸ்ட்ட ஆரம்பிச்சுச்சு, இப்ப அரசு ஆஸ்பத்திரியில முப்பது தாண்டுன யாரும் காசில்லாம பண்ணிக்கலாம்.

நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். அத ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி தங்கச்சி டாக்டர் நாச்சியார் கிராமத்துப் பிள்ளைங்களக் கொண்டாந்து பழக்கி 'சிஸ்டர்'னு நிக்க வச்சாங்க. கட்டுப் பிரிக்கிறப்ப 'பொகமூட்டமா இருக்குத்தா'ன்னு ஒரு தாத்தா சொன்னா அது என்னன்னு அந்தப் பிள்ளைங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

உங்க அப்பத்தா பேச்ச ஒரு நோட்டுல எழுது. உங்க அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டுக் கிழவிங்க எல்லாரையும் உக்கார வச்சு கேளு. இடப்பக்கம் அவங்க சொன்னத அப்படியே எழுது, திருத்தாத. வலப்பக்கம் நீ படிச்சது. எது சரி, எது ஆபத்து, எத டாக்டர்கிட்ட உடனே சொல்லணும்னு மூணாவதா ஒரு கோடு போட்டுக்க. ப்ராஜெக்டுக்கு ஆகுதோ இல்லையோ, உன் வார்டுக்கு வர்ற புதுப் பிள்ளைங்களுக்கு ஆகும்.

அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப அம்மாகிட்ட கேட்டுட்டு வா. பீரியட்ஸ்னு கேக்காத. அடுப்படியில கூட உக்காந்து, 'ஏம்மா, துணி எதும் படுதா, வெள்ளை எதும் படுதா'ன்னு கேளு.

அன்புடன்,
அக்கா