காசோலையாக வாங்கி, ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய எங்கள் கட்சி தேர்தல் ஆணையத்தில் பதிவானது, அங்கீகாரம் கிடையாது. பெயருக்கு என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். கூட்டங்களில் உண்டியல் வசூல், அப்புறம் சில்லறை நன்கொடை, இவ்வளவுதான் வரவு. மூன்று ஆண்டுகளாக எங்கேயும் கணக்குக் கொடுக்கவில்லை. இப்போது ஒருவர் 5 லட்சம் ரூபாய்க்குக் காசோலை தருகிறாராம். 5 சதவீதத்தைக் கட்சி எடுத்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டுமாம். ரசீதில் கையெழுத்துப் போடு என்கிறார் தலைவர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவர் தருவது நன்கொடையே அல்ல. உங்கள் ரசீதைக் காட்டி 5 லட்சத்துக்கும் வரிவிலக்கு கேட்பார். கட்சிக்கு மிஞ்சுவது 25,000 ரூபாய். வெளியே போகும் 4,75,000 ரூபாயைப் புத்தகத்தில் என்னவென்று எழுதுவீர்கள்? பந்தல், மைக்செட், துண்டறிக்கை என்று பொய் பில் வைத்துத்தான் ஆக வேண்டும். பில்லில் இருக்கும் அச்சகத்துக்கு ஒரு அதிகாரி நேரில் போய் விசாரித்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். இன்னொருவர் வரி ஏய்க்க உதவியாகக் கணக்கைப் பொய்யாக எழுதுவது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம். 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுக்க நடத்திய சோதனைகளில் இத்தகைய பொய்யான வரிவிலக்குக் கோரிக்கைகளும் குறிவைக்கப்பட்டன. நன்கொடையாளர் மாட்டினால் அடுத்து தேடப்படுவது ரசீதில் கையெழுத்திட்டவரைத்தான்.

'பெயருக்குப் பொருளாளர்' என்று சட்டத்தில் ஒரு பதவி இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29சி பிரிவின்படி, ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் விவரத்தை ஆணையத்துக்குத் தயாரித்துத் தர வேண்டியவர் பொருளாளர், அல்லது கட்சி அதற்கென நியமித்தவர். அதைத் தராவிட்டால் அந்த ஆண்டுக்குக் கட்சியின் வரிவிலக்கு போய்விடும். 2,000 ரூபாய்க்கு மேல் நன்கொடையை ரொக்கமாக வாங்கினாலும் அதே கதிதான்.

நம் கட்சி சின்னது, யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டிலும், 474 கட்சிகளை செப்டம்பரிலும் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. அத்தோடு, தேர்தலில் நின்றும் மூன்று நிதியாண்டுகளின் தணிக்கைக் கணக்கைத் தராத 359 கட்சிகள் மீது நடவடிக்கையும் தொடங்கியது. உங்களுடையதும் மூன்று ஆண்டுப் பாக்கி என்பதால் ஆற அமர யோசிக்க நேரமில்லை.

சரி, பழைய கணக்கை எப்படிச் சீர் செய்வது? ரசீதுப் புத்தகங்கள், வங்கிப் புத்தகம், கையில் இருக்கும் பில்கள் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு ஒரு ஆடிட்டரிடம் போங்கள். தொகை சொற்பமாக இருந்தாலும், அங்கீகாரம் இல்லாத கட்சியின் தணிக்கைக் கணக்கு மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்குப் போக வேண்டும். தாமதமானதற்கு உண்மையான காரணத்தை எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டுமா என்பதை அந்தந்த ஆண்டின் வரவைப் பார்த்து ஆடிட்டர் சொல்வார்.

உண்டியலை நினைத்துப் பயப்பட வேண்டாம். பொதுக்கூட்டத்தில் விழும் சில்லறைக்குப் பெயர், முகவரி தேவையில்லை என்று ஆணையத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. மற்ற நன்கொடைகளுக்கு, தொகை எவ்வளவு சிறியதானாலும், விவரம் வேண்டும். இனிமேல் உண்டியலைத் திறக்கும்போது இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி, தேதி, இடம், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பணத்தை ஒரு வாரத்துக்குள் கட்சியின் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

தலைவரிடம் உங்கள் மறுப்பை எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் வற்புறுத்தினால் பதவியை விட்டு விலகுங்கள். நீங்கள் பொறுப்பில் இருந்த ஆண்டுகளுக்கான கேள்வி விலகினாலும் உங்களைத் தேடி வரும் என்பதால், புத்தகங்களை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, பெற்றுக்கொண்டதாகத் தலைவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.