லிடிட்சேயில் இறந்தவர்கள் எத்தனை பேர்?

கேள்வி: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கிறோம். இங்கே ஃபிலிப்ஸ் என்ற சிற்றூரில், நாஜிகள் அழித்த லிடிட்சே என்ற செக் கிராமத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மகள் அதைப் பற்றிப் பள்ளிக்குக் கட்டுரை எழுதுகிறாள். இறந்தவர்கள் 173 என்கிறார்கள், 192 என்கிறார்கள், 340 என்றும் இருக்கிறது. எதை எழுதுவது?

பதில்: மூன்றுமே சரிதான். யாரை எண்ணினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

நாஜி அதிகாரி ஹைட்ரிக் செக் தலைநகர் பிராகாவில் தாக்கப்பட்டு, 1942 ஜூன் 4 அன்று இறந்தார். அதற்குப் பழிவாங்க ஜூன் 10 அன்று லிடிட்சேயின் ஆண்களை ஹோராக் பண்ணையில் நிறுத்திச் சுட்டார்கள். அப்படி இறந்தவர்கள் 173 பேர். அன்று இரவுப் பணிக்குச் சென்றிருந்தவர்களும், பிரிட்டனிலிருந்து நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட அவ்வூரின் இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் உறவினர்களும் சில நாள் கழித்து பிராகாவில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஆண்கள் 19 பேர். ஆக, ஆண்கள் 192. அந்த உறவினர்களோடு சுடப்பட்டவர்கள், நாஜி வதைமுகாம்களில் மாண்டவர்கள் என்று பெண்கள் 60. குழந்தைகள் 88. இவர்களில் 82 பேர் போலந்தில் ஹெல்ம்னோ என்ற நாஜி கொலைமுகாமில் நச்சுப்புகையால் கொல்லப்பட்டவர்கள். மொத்தம் 340. என்னைக் கேட்டால், மகள் 340 என்று எழுதி, அடுத்த வாக்கியத்திலேயே இந்தப் பிரிவையும் தரவேண்டும். வெறும் 173 என்றால் குழந்தைகள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறார்கள்.

ஒன்றில் கவனம் வேண்டும். ஃபிலிப்ஸ் சின்னத்தைச் செக் குடியேறிகள் 1944இல் எழுப்பினார்கள். வடிவமைத்தவர் வாட்ஸ்லாவ் ஹைனி. அப்போது போர் முடியவில்லை. கிராமத்தை அழித்ததை நாஜிகளே வானொலியில் அறிவித்திருந்தார்கள். பெண்களை முகாமுக்கு அனுப்பியதாகவும், குழந்தைகளைத் தக்க வளர்ப்பில் ஒப்படைத்ததாகவும் அதில் சொல்லியிருந்தார்கள். குழந்தைகள் பற்றிய அந்தப் பொய், உண்மை தெரியாத நிலையில், அக்காலச் செய்திகளிலும் துண்டறிக்கைகளிலும் இடம்பெற்றது. எனவே 1942 முதல் 1944 வரை வெளிவந்தவற்றை அன்றைய மக்களின் உணர்வை அறியப் படியுங்கள். எண்களுக்குப் போருக்குப் பின் வந்த ஆய்வுகளைப் பாருங்கள். 143 பெண்களும் 17 குழந்தைகளும் மட்டுமே திரும்பினார்கள் என்பது போர் முடிந்த பிறகு தெரிந்த கணக்கு.

கட்டுரைக்கு இன்னொரு சான்று வேண்டுமென்றால், இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் அருகே ஸ்டெர்ன் பார்க் கார்டன்ஸ் என்ற குடியிருப்பு 1942 ஜூலையிலேயே லிடிட்சே எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அங்கும் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தப் பகுதி இன்று கிரெஸ்ட் ஹில் நகரத்துக்குள் அடங்கிவிட்டதால், வரைபடத்தில் கிரெஸ்ட் ஹில் என்றே தேடுங்கள்.