தாடை அறுவை சிகிச்சையில் த்ரீடி பிரிண்டிங் எதற்கு?

புற்றுநோயால் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை அகற்றினால், அந்த இடத்தை நிரப்பக் கீழ்க்காலின் வெளிப்புறம் உள்ள ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வைப்பார்கள். நேரான எலும்பைத் தாடையின் வளைவுக்குக் கொண்டுவர, அதை இரண்டு மூன்று துண்டுகளாகச் சரியான கோணத்தில் வெட்ட வேண்டும். த்ரீடி பிரிண்டிங்கின் உண்மையான பயன் இங்கேதான்.

முதலில் தாடைக்கும் காலுக்கும் சிடி ஸ்கேன். தாடைக்கு 1 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய குறுக்குவெட்டுப் படலங்கள் தேவை, 3 மி.மீ. படலங்களில் எடுத்தால் அச்சிடும் தாடை மாடலின் பரப்பு படிக்கட்டு போல வரும், வெட்டும் இடத்தையும் கோணத்தையும் காட்டும் அச்சான வழிகாட்டி எலும்பில் உட்காராது. பற்களில் உலோக அடைப்பு இருந்தால் படத்தில் கீற்றுகள் விழும்; அப்போது பற்களைத் தனியாக ஸ்கேன் செய்து இணைக்க வேண்டும்.

பிறகு கணினியில் வெட்டும் இடங்களைக் குறித்து, ரம்பம் நுழையும் பிளவுகள் கொண்ட வழிகாட்டியை அச்சிடுவார்கள். தாடை மாடலின் மேல் டைட்டானியம் தகட்டை முன்பே வளைத்துக்கொள்ளலாம். அறுவை மேசையில் திரும்பத் திரும்ப வளைத்தால் தகடு பலவீனமாகிப் பின்னாளில் உடையக்கூடும்.

உடலைத் தொடும் வழிகாட்டிக்குச் சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் ஆகாது. அது சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். கருவிகளை நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியிலோ அதற்கு மேலோ இயங்கும். மருத்துவத் தர ரெசினோ நைலானோதான் வேண்டும்.

ஸ்கேன் பழையதாகிவிட்டால்தான் பெரிய ஆபத்து. இடையில் கட்டி வளர்ந்திருந்தால், திட்டமிட்ட வெட்டுக்கோடு கட்டிக்கு மிக அருகில் போய்விடும். அப்போது வழிகாட்டியை ஒதுக்கிவிட்டுக் கையாலேயே அளந்து வெட்ட அறுவை மருத்துவர் தயாராக இருக்க வேண்டும்.