கோழி இன்னும் இருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். சமூக நல இலாகா வழியாக வந்த ஒரு பெண் குழந்தையை நான்கு வயது முதல் எட்டு வயது வரை வளர்த்தோம். சென்ற ஆண்டு அவளைப் பெற்ற தாயிடமே ஒப்படைத்தார்கள். இப்போது சுங்கை பட்டாணியில் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு தோட்டத்தில் ரப்பர் பால்மரங்கள் இலையுதிர்க்கத் தொடங்கிவிட்டன. அந்தச் சருகை மிதித்துக்கொண்டேதான் அவள் பள்ளிக்குப் போவாள். அவளாக ஒரு முறைகூட அழைக்கவில்லை. நாம் தொந்தரவு செய்யக்கூடாது என்கிறார் கணவர். ஊரான் பிள்ளை ஊரான் பிள்ளைதான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். வரும் தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வரலாமா? என்னை அம்மா என்றவள் இனி எப்படி அழைப்பாளோ என்பதும் உறுத்துகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சென்ற மாதம் என் தாயாரின் பழைய தகரப் பெட்டியை ஒழித்தபோது ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால், வழக்கமான தாமதம் இல்லாமல் எழுதுகிறேன்.

உங்கள் சொந்தக்காரர்கள், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்ப்பது பற்றிய பழமொழியில் முதல் இரண்டு சொல்லோடு நின்றுவிட்டார்கள் போலும், அவர்களை விடுங்கள். அவள் உங்களை எப்படி அழைப்பாள் என்பதும் அவள் பாடு. அத்தை என்றாலும் திரும்பிப் பாருங்கள், ஆன்ட்டி என்றாலும் திரும்பிப் பாருங்கள்.

ஆனால் 'அவளாக அழைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, பெற்ற தாயின் கைப்பேசியை வாங்கி, அந்தத் தாய் பக்கத்தில் நிற்கும்போதே, தன்னை வளர்த்த இன்னொருத்தியை அழைத்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். உங்கள் இருவரில் பெரியவர் யார்? தத்தெடுப்பு வேறு; 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்றால் பெற்றோர் என்ற இடமே கைமாறிவிடும். வளர்ப்புக் குடும்பத்துக்கு அப்படி எதுவும் கைமாறுவதில்லை. பெற்றவள் பெற்றவளாகவே இருக்கிறாள். இதைத் தெரிந்துதான் கையெழுத்திட்டிருப்பீர்கள். ஆகவே நீங்கள் முதலில் பேச வேண்டியது குழந்தையிடம் அன்று, அவள் அம்மாவிடம். அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

அஞ்சலட்டைக்கு வருகிறேன். 1968ஆம் ஆண்டு வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மறு ஆண்டு தோட்டங்களில் அமலானபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் பால்மரம் சீவ முடியாத நிலை வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர் மனைவியை இழந்தவர். ஊருக்குப் போய்க் காலூன்றியதும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, நான்கு வயது மகனை என் தாயாரிடம் விட்டுவிட்டு, பினாங்கில் இந்தியா போகும் ரஜுலா கப்பல் ஏறினார். அது 1970. எனக்கு அப்போது ஒன்பது வயது. பையன் எங்களோடு மூன்று ஆண்டுகள் இருந்தான். அதன்பிறகு ஜொகூரிலிருந்து அவனுடைய பெரியம்மா வந்து அழைத்துப் போனார். அவன் பேருந்தில் ஏறியபோது கால்சட்டைப் பை நிறைய ரப்பர் கொட்டைகள் இருந்தன. உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனான்.

அடுத்த சம்பள நாளிலிருந்து மாதம் ஒரு அஞ்சலட்டை போயிற்று. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்ல, நான் எழுதுவேன். பள்ளியில் கற்ற வழக்கப்படி 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினால் தலையில் குட்டு விழும். 'சிவப்புக் கோழி அடைகாக்கிறது. கிணற்றடியில் நீ வழுக்கி விழுந்த கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். இலை கொட்டிச் சாக்கடைக் கான் மூடிக் கிடக்கிறது. உன் காது உடைந்த குவளையில்தான் அரிசி அளக்கிறேன்.' இவ்வளவுதான். நன்றாகப் படி என்றோ, எங்களை மறந்துவிடாதே என்றோ ஒரு நாளும் எழுதச் சொன்னதில்லை. மேல்விலாசத்தில் பெரியம்மாவின் பெயர்தான் இருக்கும். அவர் படித்துவிட்டுப் பையனிடம் கொடுக்கட்டும் என்பது அம்மாவின் கணக்கு. இலையுதிரும் மாதங்களில் பால் குறையும், பால் குறைந்தால் கைக்கு வருவதும் குறையும். அப்போது அம்மா வெற்றிலையைக் குறைத்துக்கொண்டார், அஞ்சலட்டையைக் குறைக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் பதிலே இல்லை. 1976இல் ஓர் அட்டை வந்தது. கோணல் எழுத்தில் ஒரே வரி: 'கோழி இன்னும் இருக்கிறதா?'

கோழி அதற்கு முந்தைய தீபாவளிக்கே குழம்பாகியிருந்தது. 'இருக்கிறது என்று எழுது' என்றார் அம்மா. பொய் எழுத மாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். மறுநாள் பக்கத்து லயத்தில் ஒரு சிவப்புக் கோழியை விலைக்கு வாங்கிவந்து முற்றத்தில் விட்டு, 'இப்போது எழுது' என்றார். எழுதினேன். அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவின் பாடையைத் தூக்கிய நால்வரில் அவரும் ஒருவர். கோழி சமாச்சாரத்தை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

அம்மா அவனைப் பார்க்க ஒரு தீபாவளிக்கும் போனதில்லை. பண்டிகையின்மீது எனக்குப் பகையில்லை, ஆனால் பண்டிகைக்கு மட்டும் துணியோடும் முறுக்கு டின்னோடும் வந்து இறங்குகிறவர் விருந்தாளி; அவர் முன்னால் பிள்ளை முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காரும், பெற்றவள் கடன் வாங்கியாவது சமைப்பாள், நீங்களும் அவளும் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போவீர்கள். அந்தக் குழந்தை நான்கு ஆண்டுகள் உங்கள் வீட்டில் வாழ்ந்தது செவ்வாய்க்கிழமைகளை: காலையில் காலுறை தேடியது, சருகை மிதித்தது, மைலோவில் பிஸ்கட்டைத் தோய்க்கும்போது அது உடைந்து விழுந்ததற்கு அழுதது. அவை அங்கே வேறு யாருக்கும் தெரியாது. உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

இலாகா அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இந்த வாரமே அவள் அம்மாவை அழையுங்கள். குழந்தையைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்த அம்மா எப்படி இருக்கிறாள், வேலை கிடைத்ததா என்று அவளைக் கேளுங்கள். குழந்தைக்கு இரவில் சளி பிடித்தால் என்ன செய்வீர்கள் என்பதைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். மாதம் ஒரு குரல்பதிவு அனுப்பலாமா என்று அனுமதி வாங்குங்கள். முதல் பதிவுக்கு நீங்கள் பேச வேண்டியதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குள் இறங்கி, அவள் போகும் அதே வழியில் சருகின்மீது நூறடி நடந்து, அந்தச் சத்தத்தை அனுப்புங்கள். மரம் தளிர்க்கத் தொடங்கினால் அந்தச் சருகு நமத்துப்போய்விடும், நாள் கடத்தாதீர்கள்.

தீபாவளிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

அன்புடன்.