புதன்கிழமை புளிக்கும் மாவு

வணக்கம் அக்கா,

ஓசூரில் இருக்கிறோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று வீட்டில் ஆறு பேர். மனைவி செவிலியர், மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு மாவாட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை ராத்திரி ஒரு கிலோ இட்லி அரிசியையும் கால் கிலோ வெள்ளை உளுந்தையும் ஊறப்போட்டு, ஞாயிறு காலை 9 மணிக்கு ஆட்டுகிறேன். பெரிய எவர்சில்வர் தூக்கில் உப்புப் போட்டுக் கரைத்து வைத்து, இரவு 8 மணிக்குத் தூக்கோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். திங்கட்கிழமை இட்லி சுமார்தான், கொஞ்சம் தட்டையாக இருக்கும். செவ்வாய் தோசைக்குப் பரவாயில்லை. புதன்கிழமை வாயில் வைக்க முடியாத புளிப்பு. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். வியாழக்கிழமை கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறேன்.

மார்கழி, தையில் எல்லாம் தலைகீழ். மாவு பொங்குவதே இல்லை. "ஃப்ரிட்ஜ்ல வச்ச மாவு அப்படித்தான்டா, கையால கரைச்சியா?" என்கிறார் அம்மா. பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கினால் சரியாகுமா? இன்னொன்று: மனைவி வேலை முடிந்து காலை எட்டரைக்கு வருவதற்குள் இட்லி வறண்டுவிடுகிறது. இதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

ச., ஓசூர்

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டாம். அளவு சரி, அரிசி சரி. நேரமும் பாத்திரமும்தான் கோளாறு. முழு மாவையும் புளிக்க வைத்துவிட்டு அப்புறம் குளிரில் வைக்கிறீர்கள். அதை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி புளிக்கட்டும், மறு பாதி புளிக்காமலே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். புதன்கிழமைப் பிரச்சினைக்கு இதுதான் தீர்வு. ஏன் என்று தெரிந்துகொண்டால் ஓசூர்க் குளிருக்கும் நீங்களே வழி கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மாவு பொங்குவதும் புளிப்பதும் ஒன்றல்ல. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வரும் நுண்ணுயிர்கள் மாவில் பெருகுகின்றன. அவற்றில் முதலில் தலையெடுப்பது லியூகோனாஸ்டாக் என்ற வகை. அது வாயுவையும் விடும், அமிலத்தையும் விடும். வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு மேலே வருகிறது. பொங்கி உச்சிக்கு வந்த பிறகு ஏற்றம் நின்றுவிடும், அமிலம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த உச்சியில் நிறுத்தத் தெரிந்தால் மாவு கைக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். சுற்றிலும் 30 டிகிரி சூடு இருந்தால் 8 முதல் 10 மணி நேரத்தில் அந்த இடம் வரும். சென்னை மே மாதத்தில் 6 மணி நேரமே போதும். இரவில் 15 டிகிரியை ஒட்டி இறங்கும் ஓசூர் மார்கழியில் 16 மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்ததும் புளிப்பு நின்றுவிடும் என்று நினைப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பொங்கிய மாவு பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்று. தெர்மோகோல் சூட்டை விடாமல் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். உங்கள் தூக்கின் ஓரத்து மாவு சீக்கிரம் குளிர்ந்திருக்கும். நடு வயிற்றில் இருக்கும் மாவோ பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து உள்ளே புளித்துக்கொண்டிருக்கும். திங்கள் காலை அதே தூக்கை வெளியே எடுத்து, இட்லி ஊற்றி, ஒரு மணி நேரம் மேடையில் வைத்திருந்து திரும்ப உள்ளே வைக்கிறீர்கள். செவ்வாயும் அப்படியே. மூன்றாம் நாள் வாயைக் கூசச் செய்யாமல் என்ன செய்யும்?

சரி, ஊறவைப்பதில் இருந்து வருவோம். உளுந்தை ராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள். தோல் நீக்கிய முழு உளுந்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் ஊறினால் அந்தக் கொழகொழப்பு தண்ணீரில் இறங்கிவிடும், மாவு காணாது. திங்கட்கிழமை இட்லி தட்டையாக வருவதற்கு இது ஒரு காரணம். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையும் உளுந்தோடு போடுங்கள். அதற்கு மேல் போனால் மஞ்சள் நிறமும் கசப்பும் வரும், இட்லி பிசுபிசுக்கும். உளுந்தை இரண்டு முறை கழுவினால் போதும், கழுவியபின் ஊறவைத்து, அந்த ஊறிய தண்ணீரையே ஆட்டும்போது தெளிக்கப் பயன்படுத்துங்கள். அரிசிக்கு 4 முதல் 5 மணி நேரம் வேண்டும். கடையில் இட்லி அரிசி என்று ஐ.ஆர். 20 போன்ற ரகங்களின் புழுங்கல் அரிசியைக் கொடுப்பார்கள். குண்டு அரிசி வேண்டுமென்றால் ஏ.டி.டி. 37 என்ற ரகத்தைக் கேளுங்கள், இட்லிக்கு அருமையானது. உளுந்து பழசாக இருந்தால் என்ன செய்தாலும் காணாது. மளிகைக் கடையில் புது உளுந்தா என்று கேட்டு வாங்குங்கள், மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

ஆக, ஞாயிறு காலை வேண்டாம். மதியம் 12 மணிக்கு அரிசி, 3 மணிக்கு உளுந்து, நாலரைக்குக் கிரைண்டர். ஆறு மணிக்குள் கழுவிக் கவிழ்த்துவிடலாம்.

ஆட்டுவதில் உளுந்துதான் முதலில். கால் கிலோ உளுந்துக்கு மொத்தம் அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் அதை ஒரே மூச்சில் ஊற்றினால் உளுந்து குழவிக்கு அடியில் சிக்காமல் தண்ணீரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் ஒரு கை தண்ணீர் மட்டும் விட்டு ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தை வழித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே போங்கள். தண்ணீர் குளிர்ந்திருக்கட்டும். கல் ஓடி ஓடி மாவு சூடாகிவிட்டால் பொங்கும் தன்மை குறையும், ஆட்டும்போதே புளிக்கவும் தொடங்கிவிடும். 25, 30 நிமிடத்தில் மாவு வெண்ணெய்போல வெளுத்து, ஏறிக் கிரைண்டரை நிறைத்துக்கொண்டு வரும். ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மிதந்தால் எடுத்துவிடலாம். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.

உளுந்தை வழித்தெடுத்ததும் கிரைண்டரைக் கழுவாமல் அரிசியைப் போடுங்கள். இரண்டு லிட்டர் மேசைக் கிரைண்டராக இருந்தால் ஒரு கிலோ அரிசியை இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுவது நல்லது. கல்லுக்குக் கஷ்டமும் இல்லை, நைஸாகவும் ஆகாது. மொத்தம் 600, 700 மில்லி தண்ணீர். விரலால் தடவினால் மெல்லிய ரவைபோல நெறநெறவென்று இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். மாவுபோல நைஸாக ஆட்டிவிட்டால் இட்லி இறுகும், பல்லில் ஒட்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துக் கையால் கரையுங்கள். அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. நுண்ணுயிர் உளுந்திலேயே இருப்பதால் கையில் இருந்து வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அடியில் தங்கும் அரிசி மாவையும் மேலே நிற்கும் உளுந்தையும் கை கலக்குவது மாதிரிக் கரண்டி கலக்காது. குளிர்காலத்தில் கையின் சூடும் மாவுக்கு வேண்டியதுதான். கரண்டியில் எடுத்து விட்டால் பட்டையாக மடிந்து விழ வேண்டும். தண்ணீராக ஓடினால் இட்லி தட்டையாகிவிடும்.

கரைத்த மாவை இரண்டு பாத்திரங்களில் சரிபாதியாக ஊற்றுங்கள். ஒரு பாதிக்கு மட்டும் உப்பு, சுமார் 15 கிராம். தூள் உப்பானால் தலை தட்டிய ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்கட்டும். இறுக்க மூடாமல் தட்டைப் போட்டு மூடி வெளியே வைத்துவிடுங்கள். மற்ற பாதியை உப்புப் போடாமல், அகலமான தட்டை டப்பாக்கள் இரண்டில் பிரித்து, உடனே ஃப்ரிட்ஜின் உள் தட்டில், பின்பக்கமாக வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு படும். மாவு இன்னும் பொங்கவில்லை, டப்பாவும் தட்டையாக இருக்கிறது, அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். செவ்வாய் மாலை வரை, அதாவது இரண்டு நாள் தாங்கும். புளிக்காத மாவுக்கு அமிலத்தின் பாதுகாப்பு இல்லை, அதற்கு மேல் நீட்டாதீர்கள்.

திங்கள் காலை பொங்கி நிற்கும் மாவைக் கலக்காமல் மேலாகக் கோரி இட்லி ஊற்றுங்கள். கலக்கினால் ராத்திரி முழுக்கச் சேர்ந்த காற்று போய்விடும். உங்கள் இட்லி தட்டையாக வருவதற்கு இரண்டாவது காரணம் இதுவாக இருக்கலாம். அடியில் மிஞ்சுவது செவ்வாய் தோசைக்கு, அதைச் சின்ன டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். செவ்வாய்க்கிழமை ஆறு பேருக்கான தோசை மாவை மட்டும் எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து அரை மணி நேரம் வெளியே வைத்தால் கல்லில் சீராக ஓடும்.

அன்று மாலை நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் ஒரு வேலை கொடுங்கள்: புளிக்காத இரண்டு டப்பாவையும் வெளியே எடுத்து மேடையில் வைப்பது. காலண்டரில் செவ்வாய்க் கட்டத்தில் எழுதி வைத்துவிட்டால் யாரும் மறக்கமாட்டார்கள். நீங்கள் வந்ததும் இரண்டையும் ஒரே பெரிய பாத்திரத்தில் ஊற்றி, முதல் பாதிக்குப் போட்ட அதே அளவு உப்பைப் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்த அண்டாவில் அந்தப் பாத்திரத்தை அரை மணி நேரம் இறக்கி வைத்துக் கிளறிவிடுங்கள். குளிர்ந்த மாவு அறைச் சூட்டுக்கு வரவே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், அந்த நேரம் மிச்சம். புதன் காலை புது மாவு இட்லி. வியாழன் பொங்கலோ உப்புமாவோ செய்துவிட்டால், வெள்ளிக்கிழமை மிச்ச மாவில் தோசை. ஐந்து நாளும் கடந்துவிட்டது, பாக்கெட் வேண்டாம். (வேலை அதிகமான வாரத்தில் வாங்கினால் குற்றமும் இல்லை. தேதி பார்த்து வாங்குங்கள், உறை உப்பியிருந்தால் அந்த மாவு ஏற்கெனவே நன்றாகப் புளித்துவிட்டது.)

மார்கழிக்கு ஒரு தெர்மோகோல் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள், மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கிடைக்கும். கிடைத்ததை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து, பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி நிறுத்தி மூடிவிடுங்கள். படுக்கப்போகும்போது தண்ணீரை ஒருமுறை மாற்றினால் போதும். பாட்டில் பாத்திரத்தில் ஒட்டக் கூடாது, ஒட்டிய இடத்தில் மாவு வெந்துவிடும். குளிர் மாதங்களில் உப்பையும் பொங்கிய பிறகு போடுங்கள், உப்பு புளிப்பை மெதுவாக்கும். கோடையில் அதே காரணத்துக்காகக் கரைக்கும்போதே போட்டுவிட வேண்டும். பொங்குவதற்காக ஆப்ப சோடா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ஒரு சிட்டிகை கூடினாலும் சோப்பு வாடை வரும்.

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஒருநாள் மாவு புளித்துத்தான் போகும். அன்று ஒரு கப் மாவுக்குக் கால் கப் அரிசி மாவும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து பத்து நிமிடம் விட்டு, கடுகு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், நிறையச் சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள். புளிப்பு அதற்குப் பொருத்தமாகவே இருக்கும், பிள்ளைகளும் சண்டையில்லாமல் சாப்பிடுவார்கள். மேலே ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, கறுப்பு என்று புள்ளி கண்டாலோ கெட்ட வாடை அடித்தாலோ மட்டும் வழித்துப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள். முழுதையும் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவிக்கு. இராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருபவருக்கு வறண்ட இட்லி வைக்கக் கூடாது என்று நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். இட்லி வறள்வது பெரும்பாலும் அதிகம் வெந்துவிடுவதால். தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகு தட்டை வைத்து 10 நிமிடம், ஃப்ரிட்ஜ் மாவானால் 12. ஈர விரலால் தொட்டு ஒட்டவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். அவர் பங்கை இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுத்து, வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த வெள்ளைத் துணியில் சுற்றி ஹாட்பாக்ஸில் வையுங்கள். துணியில் தண்ணீர் சொட்டினால் இட்லி ஊறிவிடும். ஒன்றரை மணி நேரம் வரை ஈரமும் சூடும் அப்படியே இருக்கும். அதைவிட நல்லது, மாவை மட்டும் ஒரு தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் தயாராக வைத்துவிட்டு, 'கிளம்பிட்டேன்' என்று அவர் போன் செய்ததும் அடுப்பைப் பற்றவைப்பது. அவர் முகம் கழுவி வருவதற்குள் வெந்துவிடும்.