ஆக்சலாட்டல் குஞ்சுகள் தூள் தீவனத்தைத் தொடவில்லை என்றால்

நண்பரே, பொரித்து நான்கு நாளாகியும் உங்கள் ஆக்சலாட்டல் (நீரிலேயே வாழும் ஒரு சாலமண்டர் வகை) குஞ்சுகள் தூள் தீவனத்தைத் தொடவில்லை என்கிறீர்கள். தொடாது. முதல் 2, 3 நாள் வயிற்றிலுள்ள மஞ்சள்கருவே போதும். அப்புறம் அசையும் இரையைத்தான் கவ்வும். உடனே ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் போன்ற உயிரி) முட்டைகளை உப்புநீரில், நல்ல காற்றோட்டத்துடன் பொரிக்க வையுங்கள். 24 முதல் 36 மணி நேரத்தில் ஆர்டீமியா குஞ்சு வந்துவிடும். அதுவரை டாப்னியா (நன்னீரில் வாழும் நீர்த்தெள்ளு) கிடைத்தால், சின்னதாகப் பார்த்துப் போடுங்கள்.

ஆர்டீமியாவை நன்னீரில் அலசிய பிறகே போட வேண்டும். ஆக்சலாட்டல் குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். நன்னீரில் ஆர்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும், எனவே மிச்சத்தை உறிஞ்சி எடுத்துத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். குளோரின் கூடவே கூடாது. மிச்சம் அழுகினால் அதுவும் குஞ்சுகளைக் கொல்லும். ஃபில்டர் இப்போது வேண்டாம், குஞ்சுகளை இழுத்துவிடும். முன்கால் முளைத்ததும் ஒன்றையொன்று கடிக்கும். அளவு பார்த்துப் பிரித்துவிடுங்கள்.