கடல் முள்ளெலி முட்டை அழுகினது தண்ணியால மட்டும் இல்லை

தம்பி, வெள்ளவத்தைக் கடல்தண்ணியில கடல் முள்ளெலி (முள்ளுருண்டை மாதிரிக் கடலடியில வாழுற பிராணி) முட்டையைக் கருக்கட்ட வைச்சு, அடுத்தநாள் காலமை போத்தல் கலங்கி நாறுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அடியில மஞ்சளாத் தடிச்ச படை இருந்தது எண்டதுதான் விசயம். முட்டைகள் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடந்தால் ஒட்சிசன் காணாது. கொஞ்சம் செத்தாலே பற்றீரியா மிச்சத்தையும் முடிச்சுப்போடும். போத்தலை விடுங்கோ. அகலமான கண்ணாடித் தட்டு, ஒரு படைக்கு மேல முட்டை வேண்டாம்.

விந்தை நல்லா ஐதாக்கி ஒரு சொட்டு மட்டும். கூடினால் ஒரு முட்டைக்குள்ள பல விந்து புகுந்து கலப்பிரிவு கோணலாப் போகும். ஓரிரு நிமிசத்தில முட்டையைச் சுத்தி மெல்லிய வளையம் எழும்பும். தொண்ணூறு வீதத்துக்கு அது தெரிஞ்சால், மேல்தண்ணியை ஊத்திப்போட்டுப் புதுத்தண்ணி விடுங்கோ. பிறகு அந்த வளைய உறையை உடைச்சு வாற உயிருள்ள முளையங்கள் (வளருற கருக்கள்) மேலுக்கு நீந்தும். அதை மட்டும் வேற தட்டுக்கு மாத்துங்கோ. அடியில கிடக்கிறதில ஆசை வைக்காதேங்கோ.

தண்ணி கால்வாய் விழுற பக்கம் அள்ளாதேங்கோ, மழைக்குப் பிறகு அறவே வேண்டாம். உப்பு குறைஞ்சால் முள்ளெலி தாங்காது. உப்பு ஆயிரத்துக்கு 33க்குக் கீழ எண்டால் நான் பாவிக்கமாட்டன். முளையம் வளர்ந்து கை மாதிரி நீட்டுகள் உள்ள குடம்பி (இளம் பருவம்) வந்த பிறகுதான் தீனியாப் பாசி தேவை, அதுக்கு முதல் ஒண்டும் போடாதேங்கோ.